பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவள்

ஜூன் 3, செவ்வாய்

கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை. கடையில் ஓடுவது ஒரே ஃபேன், அதுவும் ஓனர் பக்கம். கோர்ட் லீவு முடிந்து நேற்றுதான் திறந்தது. விழுப்புரத்து வக்கீல் குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் இன்று எங்கள் ஜாப் டைப்பிங் கடையில்தான் நின்றார்கள்.

அடித்தவை: வாடகை வழக்கு 1, ஜீவனாம்சம் 2, விபத்து மனு 3.

விபத்து மனுவில் ஒன்று கண்டாச்சிபுரம் பெண்ணுடையது. வயது 29. புருஷன் டிராக்டர் மோதிப் போய்விட்டான். எஃப்.ஐ.ஆர். படிக்கவே தெளிவாக இருந்தது. தப்பு டிராக்டர்காரன் மேல். பார்த்தவர்கள் டீக்கடையில் மூன்று பேர், மூன்று பேருக்கும் பெயர், தகப்பனார் பெயர், முகவரி. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமான எஃப்.ஐ.ஆர். என்றுதான் தோன்றியது. பதினாறு வருடமாக இந்த மனுக்களை அடிக்கிறேன். அடுத்தவள் தாலி போன பேப்பரைப் பார்த்து வயிறு எரிவேன் என்று நினைத்ததில்லை.

என் மனு இன்னும் அடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் போனது டிசம்பர் 19. ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்று வக்கீல் சம்பத் சார் இரண்டு முறை சொல்லிவிட்டார். இன்னும் பதினைந்து நாள்.

விழுப்புரத்திலேயே போடலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் இந்தக் கோர்ட்டில் என்னைத் தெரியாத பியூன் கிடையாது. டைப்பிஸ்ட் விஜயா வீட்டுக் கேஸ் கட்டை எல்லாரும் பிரித்துப் படிப்பார்கள். அதனால் திண்டிவனம். விபத்தும் அந்தப் பக்கம்தான், கூட்டேரிப்பட்டு தாண்டி. இவரும் இவர் அண்ணனும் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்ததும் திண்டிவனத்தில்.

மாலை ஐந்தரைக்குக் கடை காலியான பிறகு ஆவணப் பட்டியல் அடிக்க உட்கார்ந்தேன்.

1. எஃப்.ஐ.ஆர். நகல்
2. ஏ.ஆர். நகல் (சம்பத் சார் குமாஸ்தா போன வாரம் வாங்கியது)
3. பிரேதப் பரிசோதனை அறிக்கை
4. இறப்புச் சான்று
5. வாரிசுச் சான்று
6. லாரி ஆர்.சி., இன்சூரன்ஸ்

நம்பரும் தேதியும் எடுக்க ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எஃப்.ஐ.ஆரில் மூத்தார் கொடுத்த புகார்: ‘என் தம்பி குமரவேல் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தபோது முன்னால் சென்ற லாரியின் பின்புறம் தானாகவே மோதி’. இது மனப்பாடம். ஏ.ஆர். என்பது விபத்துக் கேஸ் வந்ததும் டூட்டி டாக்டர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதுவது. டாக்டர் கிறுக்கல் எனக்குப் பழக்கம். இரண்டு முறை படித்தேன். 108-இல் கொண்டுவரப்பட்டார். அதே வண்டியில், பைக்கின் பின்சீட்டில் வந்த பெண்ணும். வயது சுமார் 42. வலது கால் முறிவு.

ஓனர் லைட்டை அணைக்கட்டுமா என்று கேட்டார். அணைக்கச் சொன்னேன்.

ஜூன் 4, புதன்

பால் திரிந்துவிட்டது. மகள் நித்யாவுக்குக் கட்டன் டீ. காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு என்மேல் கோபம்.

வயது 42. என்னைவிட இரண்டு வயது பெரியவள். பார்த்ததும் முதலில் ஒரு நிம்மதி வந்தது, வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன். அப்புறம் அதுவே ஆத்திரமானது. இருபத்தைந்து வயசுக்காரி என்றால் சபலம் என்று சொல்லி முடித்துவிடலாம். 42-ஐ என்ன சொல்வது?

கடைசியாக அந்தப் பின்சீட்டில் நான் எப்போது உட்கார்ந்தேன்? நித்யா பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று. மூன்று வருடம். அதற்கு மேல் எங்கே கூப்பிட்டாலும், “பஸ்ல வந்துடு விஜி, வெயில்ல எதுக்கு.” வெயில் எனக்கு மட்டும்தான் அடித்திருக்கிறது.

இவர் போன் பீரோவில் இருந்தது. கண்ணாடி உடைந்திருக்கிறது, வேலை செய்கிறது. சார்ஜ் போட்டுப் பார்த்தேன். கடைசி மாதத்தில் என்னை அழைத்தது 11 முறை. மூத்தாரை 60க்கு மேல், அது கடை விஷயம். ‘ஒலக்கூர் டேங்க்’ என்று ஒரு பெயர், 43 முறை. குடிதண்ணீர் டேங்க் மோட்டார் இவர் கட்டுவது உண்டுதான். ஒரு மோட்டார் மாதத்தில் 43 முறை எரியுமா?

ரசம் வைத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

அரை நாள் லீவு. திண்டிவனம். பஸ்ஸில் உட்கார இடம், ஜன்னல் பக்கம். சம்பத் சார் ஆபீசில் டைப்பிஸ்ட் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், சார் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பார்க்கவே கை பரபரத்தது.

ஏ.ஆர். நகலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் படித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, நல்ல மனுஷன்.

“ரெண்டு வழி இருக்குதும்மா. 164-ஆம் பிரிவுல போட்டா யார் மேல தப்புன்னே கேக்க மாட்டாங்க. சட்டத்துல எழுதிக்கிற தொகை, அதை வாங்கிக்கினு வந்துடலாம். சாட்சி தேவையில்ல. 166-ல போட்டா லாரிக்காரன் மேல தப்புன்னு நாமதான் காட்டணும். காட்டிட்டா உங்க வீட்டுக்காரர் வயசு, தொழில், பொண்ணு படிப்பு எல்லாம் பேசலாம். ஆனா எஃப்.ஐ.ஆர்ல அவர் தானா போய் மோதிட்டார்னு இருக்குது. எழுதிக் குடுத்தது அவரோட சொந்த அண்ணன். இன்சூரன்ஸ் வக்கீலுக்கு அல்வா மாதிரி.”

“போலீஸ் கேஸ் என்ன ஆகும் சார்?”

“மூடிடுவாங்க. இறந்தவரே குற்றவாளி, அதனால மேல் நடவடிக்கை இல்லன்னு. நேர்ல பார்த்தவங்க யாராவது அஃபிடவிட் குடுத்தா அதை வெச்சு மறு விசாரணை கேக்கலாம். அந்தம்மா யாருன்னு தெரியுமா?”

தெரியாது என்றேன்.

இதெல்லாம் நூறு தடவை அடித்த வரிகள்தான். நாற்காலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. வரும் வழியில் முடிவு செய்தேன்: 164. சாட்சி வேண்டாம், கூண்டு வேண்டாம், 42 வயது வேண்டாம்.

வீட்டில் நித்யா கேட்டாள், “அப்பா மேலதான் தப்புன்னு எழுதிடுவாங்களாம்மா? அப்பா ஐம்பதைத் தாண்ட மாட்டாரேம்மா.”

உண்மைதான். என்னை ஏற்றிக்கொண்டால் நாற்பது. ஸ்கூட்டிக்காரர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போவார்கள், நான் முதுகில் குத்துவேன்.

ஜூன் 7, சனி

பக்ரீத். கோர்ட், கடை லீவு. பக்கத்து வீட்டு மெஹருன்னிசா பிரியாணி கொடுத்து அனுப்பினாள். நித்யா எல்லாவற்றையும் காலி செய்தாள்.

மூத்தார் வீட்டுக்குப் போனேன். ஏழுமலை மாமா திண்டிவனத்தில் கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. அக்கா காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நடையிலேயே தெரிந்தது.

நகலை மேஜையில் வைத்தேன். “படிங்க மாமா.”

“எனக்கு இங்கிலீஷ் எங்கம்மா வரும்.”

“அன்னைக்கு பின்னால உக்காந்துக்கினு வந்தது யாரு?”

அரை நிமிடம் டேபிள் ஃபேனைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லிவிட்டார். பெயர் ஜெயசீலி. ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர், மோட்டார் போட்டு ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. கணவர் இறந்து ஏழு வருடம்.

“ஸ்டேஷன்ல, கூட வந்தது யாருன்னு கேட்டாங்க விஜயா. வேற ஒரு பொம்பளைன்னு எப்படிச் சொல்லுவேன்? பேப்பர்ல வந்துடும், சொந்தக்காரன் வாயில வந்துடும். நித்யாவுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்க வாணாமா? தனியாத்தான் வந்தான்னு சொன்னேன். எப்படி மோதுச்சின்னாங்க. லாரிக்காரன் சொன்னதையே சொல்லிட்டேன். ஜல்தியா முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. மானம் போவக்கூடாதுன்னு பண்ணதும்மா.”

அந்தப் பெண்ணை அன்று மாலையே ஒரு வேன் வைத்துப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார். வாயைத் திறக்கக்கூடாது என்று மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

மானத்தைக் காப்பாற்றப் போய்த் தம்பியைக் குற்றவாளியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது: “உங்க எல்லாருக்கும் தெரிஞ்சுருக்குது, எனக்கு மட்டும் தெரியல.” கத்தியதில் மனசார வந்தது அது ஒன்றுதான். எஃப்.ஐ.ஆருக்காகக் கத்தப் போய் இதற்காகத்தான் கத்தியிருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

ஓனரிடம் தலைவலி என்று பொய். திண்டிவனம் பஸ், அங்கிருந்து ஒலக்கூர் பஸ், அதற்கு மேல் ஷேர் ஆட்டோ. எந்தப் புடவை கட்டுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். நீலம். கட்டிய பிறகு எதற்கு என்று எரிச்சல்.

டேங்க் ஆபரேட்டர் என்றதும் ஆட்டோக்காரர் சர்ச்சுக்கு அடுத்த தெருவில் இறக்கிவிட்டார். ஒற்றை ரூம், முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் இறக்கியிருக்கிறது. வெளியே மல்லாட்டைக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியில். கால் நீட்டியபடி, பக்கத்தில் கம்பு. கறுப்பு, ஒல்லி, காதோரம் முழுக்க நரை, டை அடிக்கவில்லை. நான் நினைத்துக்கொண்டு போன முகத்தில் ஒரு துளிகூட இல்லை. அழகாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். “வாங்கக்கா.” என்னைவிட மூத்தவள் என்னை அக்கா என்கிறாள். போட்டோ பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. இவர் காட்டியிருப்பார்.

கேப்பைக் கூழ் கொடுத்தாள், மோர் ஊற்றி, சின்ன வெங்காயம். குடிக்கவில்லை.

“அவரு விரும்பிக் குடிப்பாரு” என்றாள்.

கேப்பை என்றாலே தொண்டையில் அடைக்கிறது என்பார் என்னிடம். வியாழக்கிழமை டிபன் பாக்ஸ் பாதி திரும்பி வரும். என் குழம்பில்தான் கோளாறு என்று புளியைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன்.

நேராகக் கேட்டேன். உனக்கும் அவருக்கும் என்ன?

கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மோட்டார் எரிஞ்சா வருவாரு. அப்புறம் வியாழக்கிழமையானா வர ஆரம்பிச்சாரு, மோட்டார் நல்லா ஓடிக்கினு இருந்தாலும். தப்பா ஒண்ணும் நடக்கலக்கா. அதுக்காக ஒண்ணுமே இல்லன்னு மாதா முன்னால சொல்ல மாட்டேன்.”

“வந்து என்ன பண்ணுவாரு?”

“பேசிக்கினு இருப்பாரு. டேங்க் ரொம்பற வரைக்கும். ஒண்ணரை மணி நேரம். ஊர் மோட்டார் எல்லாத்துக்கும் ஒவ்வொரு பேர் வெச்சிருப்பாரு. தலைவர் வீட்டு மோட்டாருக்கு மாமியார்னு பேர். சிரிச்சு வயிறு நோவும்.”

என் வீட்டில் இவர் பேசியது மூன்று வார்த்தை: சாப்பாடு, சாவி, சார்ஜர். மோட்டாருக்கெல்லாம் பெயர் வைப்பார் என்பதே எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம். கட்டிலில் இன்னொருத்தி படுத்தாள் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து எழுத வரவில்லை.

விபத்தைக் கேட்டேன். அவள் தங்கை மகளுக்கு அடுத்த வருடம் மயிலத்தில் காலேஜ் சீட் கேட்க வேண்டும், அங்கே ஆபீசில் இவருக்குத் தெரிந்தவர், அழைத்துப் போயிருக்கிறார். திரும்பும்போது முன்னால் டிப்பர் லாரி இடதுபக்கம் போய்க்கொண்டிருந்தது. சிக்னல் இல்லாமல் ரோட்டு நடுத்தடுப்பில் உள்ள திறப்புக்கு வலதுபக்கம் ஒடித்தது. இவர் பிரேக் பிடித்தும் பைக் அதன் பின் மூலையில் இடித்தது. 108 வரும்வரை இவரது தலை அவள் மடியில். நினைவு இருந்தது. பேசினார்.

என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லுவாள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும். அது என்னால் முடியவில்லை.

“கோர்ட்டுல சொல்லுவியா?” என்று கேட்டேன்.

“உங்க மூத்தார் வாயத் தொறக்காதன்னாரு, தொறக்கல. நீங்க தொறன்னா தொறக்கறேன். பஞ்சாயத்துல வேலைய எடுத்துடுவாங்களான்னுதான் பயமா கீது.”

அவள் கால் இன்னும் கூடவில்லை. பிளேட் வைத்திருக்கிறார்கள். டேங்க் ஏணியில் ஏற முடியாமல் தங்கை மகளை ஏற்றுகிறாளாம். அந்தக் காலைப் பார்த்தும் எனக்குப் பொறாமை. என்னிடம் இருப்பது பிரேதப் பரிசோதனை அறிக்கை. அவளிடம் அந்த நாள் முழுசாக இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது உறைத்தது. அடிபட்டவள் அவளும்தான். அவளும் மனு போடலாம், அதே லாரி மேல், அதே ஆறு மாதக் கணக்கு. அவளுக்கு அது தெரியாது, யாரும் சொல்லவில்லை. பதினாறு வருடம் இதையே அடித்த எனக்குத் தெரியும்.

சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் வரவில்லை. கால் முறிவு என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டு வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை வரும் போல இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றியது.

மத்தியானம் சாப்பிடாமல் 164 மனுவை அடித்தேன். 20 நிமிடத்தில் முடிந்தது, பழைய ஃபைலில் பெயரை மாற்றினால் போதும். ‘மேற்படி இறந்துபோன குமரவேலும் 1ஆம் மனுதாரரும் மனமொத்து இல்லறம் நடத்தி வந்தனர்.’ எல்லா மனுவிலும் வரும் வரி. புருஷன் தினம் குடித்துவிட்டு அடித்தவளுக்கும் இதே வரிதான் அடித்திருக்கிறேன். யாருக்கும் கை நிற்காது, இன்று நின்றது.

கண்டாச்சிபுரம் பெண் மறுபடி வந்தது, வாரிசுச் சான்றில் மாமியார் பெயர் தப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தது. “எனக்கு மனு போட்டுக் குடுத்தீங்களேக்கா, ரொம்ப நல்லாருக்கணும்.” அடுத்தவள் கேஸ் தேறட்டும் என்று ஊருக்கெல்லாம் அடிக்கிறேன். ஒருத்திக்கு மட்டும் வாயைக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் நித்யா மறுபடி அதையே கேட்டாள். “என்னம்மா முடிவு பண்ண? அப்பாதான் குற்றவாளின்னு இருக்கட்டும்னா?”

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை, கூழ், மாமியார் மோட்டார், எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த ஆன்ட்டி சொன்னாத்தானே அப்பா மேல தப்பில்லன்னு ஆகும்?”

“ஆமா.”

“அப்ப நீ ஏன் இன்னும் யோசிச்சிக்கினு கீறே?”

அறைந்திருப்பேன். அவள் சொன்னது சரி என்பதால் அறையவில்லை.

ஜூன் 11, புதன்

அவள் நம்பர் என் போனில் இல்லை. இவர் போனிலிருந்தே ‘ஒலக்கூர் டேங்க்’ அழுத்தினேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. ஹலோ ஹலோ என்று கத்துகிறேன். அப்புறம்தான் உறைத்தது, அவள் போனில் இவர் பெயர் விழுந்திருக்கும் என்று. ஆறு மாதம் கழித்து.

“நான் விஜயா பேசறேன்.”

“தெரியுதுக்கா.” குரல் போய்விட்டிருந்தது.

பாவம் என்று ஒரு நொடி. அடுத்த நொடி, எந்தப் பெயரில் சேவ் செய்திருக்கிறாள் என்று. இந்த மனசை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

சொல்லிவிட்டேன். நீயும் மனு போடலாம், 18ஆம் தேதிக்குள், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆதார் எடுத்து வை, வேலையை எடுத்தால் அதற்கும் தனியாக வழி இருக்கிறது, சார் பார்த்துக்கொள்வார். லிஸ்ட் சொல்லச் சொல்ல அவள் தங்கை மகளை எழுதச் சொன்னாள். லிஸ்ட் சொல்வது எனக்கு வரும். மற்றதுதான் வரவில்லை.

164 ஃபைலை அழித்தேன். 166.

மூத்தாருக்கும் போன். “நீங்க குடுத்த புகார் தப்புன்னு நீங்களும் எழுதிக் குடுக்கணும் மாமா.”

“என்னை உள்ள தள்ளிடுவாங்களா?”

“சார்கிட்ட கேக்கறேன். ஆனா எழுதித்தான் ஆவணும்.”

ரொம்ப பேஜாராப் போச்சும்மா என்றார். ஆமாம் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

திண்டிவனம். காலையிலேயே 11 மணிக்கு அனல்.

ஜெயசீலி தங்கை மகளோடு வந்தாள். சார் ஆபீசுக்கு மாடிப்படி 14. கம்பை ஊன்றி ஒவ்வொன்றாக ஏறினாள். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படியில் இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன். காய்ப்பு ஏறிய கை. எங்கள் வீட்டு மோட்டாரைப் போடக்கூட நான் இவரைத்தான் கூப்பிடுவேன்.

சம்பத் சார் இரண்டு விரலைத் தூக்கினார். “நகருங்க சார், நானே அடிக்கறேன்” என்றேன். “வேணாம்மா, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.” “நீங்க அடிச்சா நாளைக்குத்தான் முடியும்.”

அவள் சொல்ல, சார் திருத்த, நான் அடித்தேன். ‘நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். இறந்துபோன குமரவேல் அவர்களை எனக்குத் தெரியும்.’ எப்படித் தெரியும் என்று எழுத வேண்டும். சார் பேனாவைத் தட்டினார். அவள் என்னைப் பார்த்தாள்.

“பஞ்சாயத்து மோட்டார் ரிப்பேர் பண்ண வருவாருன்னு போட்டுக்குங்கக்கா.”

“வியாழக்கிழமைதோறும்?” என்றேன்.

“நீங்க எப்படிப் போட்டாலும் சரி.”

‘மோட்டார் பழுது பார்க்க வந்த வகையில் பழக்கமாகி, நண்பர்’ என்று அடித்தேன்.

மயிலம் காலேஜ். திரும்பும்போது டீ, இரண்டு போண்டா. அதுவும் சேர்த்தோம், குடிக்கவில்லை, நிதானமாக இருந்தார் என்று காட்ட. வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. நாற்பது என்று அவள் சொன்னபோது என் விரல் தப்பான கீயில் விழுந்தது. லாரி. சிக்னல் இல்லை. திறப்பு. இடி. மடி.

“அப்புறம் ஏதாவது சொன்னாரா?” இது சார். “சொன்னது முக்கியம்மா. சாகற நேரத்துல சொன்ன வார்த்தைக்குக் கோர்ட்டுல மதிப்பு அதிகம்.”

“லாரிக்காரன் சிக்னல் போடாம திருப்பிட்டான் சீலின்னு சொன்னாரு.”

சீலி. அடித்தேன். 

“வேற?”

தலையைக் குனிந்துகொண்டாள். “வேற ஒண்ணும் இல்ல சார்.”

“பாதி சொல்லாதீங்கம்மா. பின்னால வேற ஏதாவது வெளிய வந்தா முழுசும் பொய்னுடுவாங்க.”

கீழே ஜெராக்ஸ் கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை. அவள் என்னிடம் கேட்பது போல மெதுவாகச் சொன்னாள்.

“நீ எழுந்து போயிடு சீலி, விஜி வந்தா மனசு கஷ்டப்படுவான்னாரு. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாரு. எனக்குக் கால் ஒடிஞ்சிருக்குது, எங்க எழுந்து போறது. தலையை வேற மடியில வெச்சிக்கினு கீறேன். போயிடு, விஜி வந்துடுவாள்னு. 108 கதவைச் சாத்தற வரைக்கும்.”

என் விரல்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன, பழக்கம். ‘நீ போய்விடு, என் மனைவி விஜயா வந்தால் மனது கஷ்டப்படுவாள் என்று இறந்தவர் பலமுறை கூறினார்.’ அடித்து முடித்த பிறகுதான் படித்தேன்.

சார் எட்டிப் பார்த்தார். “இந்த வரியை எடுத்துடும்மா. சிக்னல் வரி போதும். இதை வெச்சுக் குறுக்கு விசாரணையில ரெண்டு பேரையும் கிழிப்பாங்க. மனைவி எதுக்குக் கஷ்டப்படணும், அப்படி என்ன உறவுன்னு கேப்பான்.”

“எடுத்துடுங்கக்கா” என்று அவளும் சொன்னாள்.

“கேட்டா நீ நிப்பியா?” என்று கேட்டேன்.

“நிக்கறேன். உங்களுக்குத்தான்க்கா அசிங்கம்.”

“அப்ப இருக்கட்டும் சார்.”

“ஏம்மா?”

சாருக்குப் பதில் சொல்லவில்லை. நாலரைக்கு நோட்டரி. அவளுடைய மனுவையும் அடித்து முடித்தேன், திங்கட்கிழமை இரண்டையும் ஒன்றாகப் போடுகிறோம்.

இங்கே எழுதுகிறேன். அஃபிடவிட் மூன்று பக்கம். என் புருஷன் உயிரோடு இருந்த கடைசி நாள் அதுதான். மயிலம், போண்டா, ரோடு, மடி, எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள். நான் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறேன். எடுக்க மாட்டேன்.